படகுக்கும் கரைக்கும் நடுவே

தலையில் ஒரு பழைய தொப்பி. அதற்குள் சில தூண்டில் முட்கள், கொஞ்சம் துணி நாடா, ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம், பென்சில். படகைப் பவளப் பாறைகளுக்கு அப்பாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த மனிதர் கடலில் இறங்குகிறார். ஆழமான இடத்தில் நீந்துகிறார். ஆழம் குறைந்ததும் பாறையில் கால் பதித்து நடக்கிறார். கரையில் வில்லும் அம்புமாகக் கூட்டம் நிற்கிறது. இவர் கையில் ஒன்றுமில்லை. நனைந்த உடையோடு கரையேறி, தலைவர்போல் தெரிகிறவரின் கையைப் பற்றிக்கொள்கிறார். பிறகு புத்தகத்தைத் திறந்து, எதிரே இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார்.

மெலனீசியாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஜான் கோல்ரிட்ஜ் பேட்டிசன், பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் ஊழியத்தைத் தொடங்கிய விதம் இது. முதல் நாளில் பிரசங்கம் கிடையாது. பெயர்களும், காதில் விழுந்த சில சொற்களும் போதும். அடுத்த பருவத்தில் கப்பல் திரும்பி வரும்போது கரையில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று இயேசு சொன்னதை அவர் அப்படியே நடைமுறையாக எடுத்துக்கொண்டார்.

அவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தத் தண்ணீரிலேயே நின்றுவிடும். படகில் இருக்கிறவரை அவர் ஆங்கிலேயர். அவருக்குப் பின்னால் கப்பல், கப்பலுக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யம். தண்ணீரில் இறங்கிவிட்டால் அதெல்லாம் பின்தங்கிவிடுகிறது. நீந்துகிறவனால் மிரட்ட முடியாது, அவசரமாகத் தப்பியோடவும் முடியாது. கரையில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தம்மை வெறுமையாக்கிக்கொண்டு மனுஷரிடம் வந்த கிறிஸ்துவைப் பற்றி எத்தனையோ உபதேசம் கேட்டிருக்கிறோம். நாம் ஜெபம் என்று சொல்வதில் பெரும்பங்கு, படகில் உட்கார்ந்தபடி கரையைப் பார்த்துப் பேசுவதாகத்தான் இருக்கிறது. இறங்குவது வேறு காரியம்.

அவர் இறங்கியது திடீரென்று அல்ல. 1827 ஏப்ரல் 1 அன்று லண்டனில் பிறந்தவர். தந்தை சர் ஜான் பேட்டிசன், பேர்பெற்ற நீதிபதி. தாய், கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, அங்கேயே மெர்ட்டன் கல்லூரியில் ஃபெல்லோ பதவி என்று வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரரும்கூட. 1841-இல், அவர் ஈட்டனில் படித்துக்கொண்டிருந்த சிறுவனாக இருந்தபோது, நியூசிலாந்துக்குப் பேராயராகப் புறப்பட்ட ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வின் பேட்டிசன் வீட்டுக்கு விடைபெற வந்தார். போகும்போது அந்தத் தாயிடம், உங்கள் மகன் கோலியை எனக்குத் தருவீர்களா என்று கேட்டாராம். 'கோலி' என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். தாய்க்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் மகன் உண்மையாகவே ஒருநாள் போக விரும்பினால் தடுக்கமாட்டேன் என்று பின்னர் சொன்னார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

விதை பதின்மூன்று ஆண்டு மண்ணுக்குள் கிடந்தது. 1854-இல் செல்வின் இங்கிலாந்துக்கு வந்தபோது, பேட்டிசன் டெவன் மாவட்டத்தில் ஆல்ஃபிங்டன் என்ற சிற்றூரில் உதவிக்குருவாக இருந்தார். தந்தையின் வீடு பக்கத்திலேயே. முதுமையும் காது மந்தமும் சேர்ந்த தந்தைக்கு அருகில் இருக்க வேண்டும் என்றே அந்த ஊரைத் தேர்ந்திருந்தார். ஆனாலும் செல்வினிடம் மனதைத் திறந்தார். செல்வின் தந்தையிடம் பேசினார். முதலில் அந்த முதியவரால் தாங்க முடியவில்லை. அவனை விட முடியாது என்றார். அதே மூச்சில், தடுக்கவும் எனக்கு உரிமையில்லை என்றார். கடைசியில் சம்மதித்தபோது, மறுபடி பார்ப்போம் என்ற எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு அரைகுறையாகக் கொடுக்கமாட்டேன், கொடுத்தால் முழுவதுமாகக் கொடுக்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

மிஷனரியின் தியாகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தந்தையை இரண்டு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வருவதில்லை. மகனுக்கு முன்னால் கடலும் தீவும் புது முகங்களும் இருந்தன. தந்தைக்கு இருந்தது வீட்டில் ஒரு காலி நாற்காலியும், மாதக்கணக்கில் தாமதமாக வரும் கடிதங்களும். 1855 மார்ச்சில் மகன் கப்பலேறினார். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. 1861 பிப்ரவரி 24 அன்று ஆக்லாந்தில் பேட்டிசன் பேராயராக அபிஷேகம் பெற்றார். அப்போது வயது முப்பத்துமூன்று. அதே ஆண்டு ஜூனில் தந்தை காலமானார். மகன் கடைசிவரை இங்கிலாந்துக்குத் திரும்பவேயில்லை.

மெலனீசியா ஒரு நாடல்ல. இன்றைய வனுவாட்டு, சாலமோன் தீவுகள் என்று பரந்து கிடக்கும் எண்ணற்ற தீவுகள். தீவுக்குத் தீவு மொழி வேறு. சில தீவுகளில் மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பேட்டிசன் அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றார். கப்பல் பயணத்திலேயே மாவோரி மொழியைப் படித்துக்கொண்டு வந்து இறங்கியவர் அவர். மொழித்திறமை பிறவியிலேயே இருந்தது, உண்மைதான். ஆனால் திறமை மட்டும் இருப்பவன் மொழியைக் கற்று நூல் எழுதுவான். இவர் பதினைந்து வயதுப் பையன்களிடம் மாணவனாக உட்கார்ந்தார். அவர்கள் சொல்லித் தந்ததை உச்சரித்து, அவர்கள் சிரித்தால் கூடவே சிரித்து, மறுபடியும் உச்சரித்தார்.

அந்தப் பையன்கள்தான் அவருடைய ஊழியத்தின் மையம். தீவுதோறும் வெள்ளைக்கார மிஷனரியைக் குடியமர்த்துவது நடக்காத காரியம் என்று செல்வின் கண்டிருந்தார். அதனால் 'சதர்ன் கிராஸ்' என்ற மிஷன் கப்பல் தீவு தீவாகப் போய், பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளை ஏற்றிவந்து, பள்ளியில் சில மாதம் வைத்திருந்து, மறுபடி ஊரில் கொண்டுபோய் விடும். அவர்கள் தங்கள் ஜனங்களுக்குத் தாங்களே போதகராக வேண்டும். பள்ளி அப்போது ஆக்லாந்து அருகே கோஹிமராமாவில் இருந்தது. அங்கே குளிர் இந்தப் பிள்ளைகளை வாட்டியது. 1867-இல் நார்ஃபோக் தீவுக்கு இடம் மாறியது. அங்கே அவர்களுக்குப் பழகிய வள்ளிக்கிழங்கு விளைந்தது.

அந்தப் பள்ளியின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. சமையல், பெருக்குதல், தோட்ட வேலை எல்லாம் முறைவைத்து நடந்தது. வெள்ளைக்காரர் உத்தரவு போடுவது, தீவுக்காரர் வேலை செய்வது என்ற பேச்சே அங்கே இல்லை. பேராயரின் அறைக் கதவு பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கும். கிறிஸ்தவனாவதற்கு இங்கிலீஷ்காரனாக வேண்டியதில்லை, உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் எது சுவிசேஷத்துக்கு இன்றியமையாததோ அது போதும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1863-இல் பள்ளியில் வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. சாப்பாட்டுக் கூடம் மருத்துவமனையானது. இரவும் பகலும் பிள்ளைகளைக் கழுவித் துடைத்து மடியில் கிடத்திப் பார்த்துக்கொண்டவர்களில் பேராயரும் ஒருவர். அப்படியும் சில பிள்ளைகள் இறந்தார்கள். இறந்தவர்களின் தீவுக்குப் போய் அந்தத் தாய்தந்தையர் முகத்தைப் பார்த்துச் செய்தி சொல்லும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரான, வனுவா லாவா தீவைச் சேர்ந்த ஜார்ஜ் சராவியா முதன்முதலில் மிஷன் கப்பலில் ஏறியபோது, வெள்ளையர் காலில் கிடந்த காலணியைப் பார்த்தே மிரண்டுபோனதாகப் பின்னாளில் தன் நினைவுகளில் சொன்னார். அந்த இளைஞரே 1868-இல் உதவிக்குருவானார். மெலனீசியர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர். மறு ஆண்டு மோட்டா தீவுக்குக் குடிபெயர்ந்து ஊழியம் செய்தார். 1873-இல் குருவானவராகி, 1901-இல் இறக்கும்வரை தன் ஜனங்களோடு வாழ்ந்தார்.

1864 ஆகஸ்டில் சாந்தா குரூஸ் தீவின் கிரேசியோசா வளைகுடாவில், வழக்கம்போல் பேட்டிசன் தனியாகக் கரையேறினார். வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தார், பேசினார், நீந்திப் படகுக்குத் திரும்பினார். படகைத் தள்ளிப் புறப்படும்போது அம்புகள் பறந்தன. சுக்கானைக் கழற்றி அதையே கேடயமாகப் பிடித்து மற்றவர்களை மறைக்கப் பார்த்தார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. துடுப்புப் போட்டவர்களில் மூன்று பேருக்குக் காயம். ஃபிஷர் யங் என்ற இளைஞனின் மணிக்கட்டில் தைத்த அம்பைப் பேட்டிசனே தன் கையால் பிடுங்கினார். காயம் ஆறுவதுபோல் இருந்தது. சில நாளில் தாடை இறுகத் தொடங்கியது. ரணஜன்னி. வலிப்பு வரும்போதெல்லாம் பேட்டிசன் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஃபிஷர் இறந்தான். அடுத்து எட்வின் நாப்ஸ் அதே நோயில் இறந்தான். இருவரும் நார்ஃபோக் தீவுப் பிள்ளைகள், அவர் மிகவும் நேசித்தவர்கள்.

கரைக்குத் தனியாகப் போகிறவர் ஆபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார் என்று நாம் நினைக்கிறோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் அன்று ஆபத்து அவரை விட்டுவிட்டுப் படகில் காத்திருந்தவர்களைத் தொட்டது. தன் உயிரைக் கொடுக்க ஆயத்தமாக இருப்பது ஒன்று. தன் அழைப்புக்காகப் பிறர் பிள்ளை சாவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் தேவனோடு பேசுவது இன்னொன்று. அந்த நாட்களுக்குப் பின் அவர் முகத்தில் முதுமை இறங்கிவிட்டது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஊழியத்தை விடவில்லை. அந்தத் தீவின்மேல் கோபமும் வைக்கவில்லை.

இதற்குள் இன்னொரு வகைக் கப்பல்கள் அந்தக் கடலில் பெருகிவிட்டன. 1863 முதல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தோட்டங்களுக்கும், பிறகு ஃபிஜிக்கும் ஆள் சேர்க்கும் கப்பல்கள். ஒப்பந்தம் என்று பெயர். சில இடங்களில் உண்மையாகவே சம்மதித்துப் போனார்கள். பல இடங்களில் ஆசைகாட்டி ஏற்றினார்கள், தோணிகளைக் கவிழ்த்துத் தண்ணீரில் தத்தளித்தவர்களைப் பிடித்து அடைத்தார்கள். தமிழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஃபிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள்; அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துத்தான் பாரதி மனம் வெந்து பாடினார்.

பேட்டிசனுக்கு இது இருமடங்கு வேதனை. ஆள்பிடிகாரர்களில் சிலர் மிஷன் கப்பலைப்போல் பாவனை காட்டியும், பேராயர் கப்பலில் இருக்கிறார் என்று சொல்லியும் ஜனங்களை ஏற்றியதாகச் செய்திகள் வந்தன. பல ஆண்டு தண்ணீரில் நீந்திச் சேர்த்த நம்பிக்கை அவர் பெயராலேயே சூறையாடப்பட்டது. 1871 தொடக்கத்தில் நியூசிலாந்துத் திருச்சபை மன்றத்துக்கு அவர் ஓர் அறிக்கை எழுதினார். இந்தத் தொழிலுக்குச் சட்டக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டார். கூடவே இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்: தீவுக்காரர்கள் கப்பலையோ படகையோ தாக்கினால், வெள்ளையர் முதலில் செய்த கொடுமைக்கு அது பதில் அல்ல என்று தெளிவாகும்வரை அவர்களைத் தண்டிக்கக் கூடாது.

1871 செப்டம்பர் 20. கப்பல் நுகாபு என்ற சின்னத் தீவுக்கு அருகில். காலை வகுப்பில் அவர் மாணவர்களுக்கு விளக்கிய பகுதி, அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவான் இரத்தசாட்சியாக மரித்த வரலாறு. எதிரே உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவரின் பெயரும் ஸ்டீபன்தான், ஸ்டீபன் தரோவனியரோ. பிறகு படகு இறங்கியது. கடல்நீர் வற்றியிருந்ததால் பாறையைப் படகு தாண்டவில்லை. ஏற்கெனவே பழகியிருந்த இரண்டு தலைவர்கள் தங்கள் தோணியில் வந்தார்கள். பேட்டிசன் அதில் ஏறிக் கரைக்குப் போனார். படகில் இருந்தவர்கள் அவர் மரங்களுக்கிடையே மறைவதைப் பார்த்தார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்து, பக்கத்துத் தோணிகளிலிருந்து அம்புகள் பாய்ந்தன. ஸ்டீபன் உடலில் பல அம்புகள். இளம் குருவானவர் ஜோசப் அட்கினுக்குத் தோளில் ஒன்று.

கப்பலுக்குத் திரும்பி அம்பைப் பிடுங்கியதும் அட்கின் மறுபடி படகில் இறங்கினார். பாறைக்குள் போகும் வழி அவருக்குத்தான் தெரியும். பேராயரை விட்டுவர முடியாது. நீர் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். மாலையில் கரையிலிருந்து இரண்டு தோணிகள் புறப்பட்டன. ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றது திரும்பிப் போயிற்று. மிதந்து வந்த தோணியில் பாயில் சுற்றி ஓர் உடல். மார்பின்மேல் ஐந்து முடிச்சுப் போட்ட ஓலை. முகம் அமைதியாக இருந்தது. மறுநாள் அவரைக் கடலில் அடக்கம் செய்தார்கள். சில நாளில் அட்கின் திருவிருந்து நடத்திக்கொண்டிருந்தபோது வார்த்தைகள் நாவில் தடுமாறின. ரணஜன்னியின் முதல் அறிகுறி அது. அந்த வார முடிவுக்குள் அவரும் இறந்தார், அடுத்து ஸ்டீபனும்.

ஐந்து முடிச்சு, ஆள்பிடிக்கும் கப்பல் கொண்டுபோன ஐந்து நுகாபு ஆண்களுக்கான பழி என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் வேறு காரணங்களையும் எண்ணிப் பார்க்கிறார்கள்; மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவதே தீவில் ஒரு கலக்கத்தை உண்டாக்கியிருக்கலாம் என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஒதுக்கிவிடவும் முடியவில்லை. கரையில் நிற்கும் ஒரு தாயின் கண்ணுக்கு என்ன தெரியும்? ஒரு கப்பல் வந்தது, பிள்ளையை ஏற்றியது, அடிவானத்துக்குப் போயிற்று. இன்னொரு கப்பலும் வந்தது, அதுவும் பிள்ளையை ஏற்றியது. ஒன்றில் பிரம்பும் மற்றொன்றில் அன்பும் இருந்தன என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? டெவனில் ஒரு தந்தை தன் மகனைக் கொடுத்தார். அவரிடம் கேட்டார்கள், அவர் யோசித்துக் கொடுத்தார். நுகாபுவின் தாயிடம் யாராவது அப்படி உட்கார்ந்து கேட்டார்களா? பேட்டிசனை நேசிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தேவசமூகத்தில் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அவரும் தாங்கியிருப்பார் என்றே நம்புகிறேன். அந்த மனிதரின் பரிசுத்தம் இந்தக் கேள்வியால் குறைவதாக எனக்குப் படவில்லை.

அவர் முன்கூட்டியே எழுதிவைத்த வேண்டுகோள் நிறைவேறவில்லை. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரோசாரியோ நுகாபுவுக்கு வந்து பீரங்கியால் சுட்டது. காரணம் தெளிவாகும்வரை தண்டிக்கக் கூடாது என்று கேட்டிருந்தவரின் பெயரால் அந்தத் தீவில் மறுபடி இரத்தம் சிந்தியது. இங்கிலாந்தில் எழுந்த துக்கம் 1872-இல் பசிபிக் தீவுவாசிகளைக் காக்கும் சட்டத்துக்கு வழி செய்தது. ஆள்பிடிப்பு அதோடு நின்றுவிடவில்லை, ஆனாலும் அதற்கு முதல் கடிவாளம் அதுதான்.

நார்ஃபோக் தீவுப் பள்ளி தொடர்ந்து நடந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே படித்த குவாடல்கனல் இளைஞர் இனி கொபூரியா, கொஞ்ச காலம் போலீஸ்காரராக இருந்துவிட்டு, 1925-இல் மெலனீசியச் சகோதரர் சபையைத் தொடங்கினார். ஏழ்மை, கீழ்ப்படிதல், மணம் செய்யாமை என்ற வாக்குறுதிகளோடு, ஆயுதமில்லாமல் கிராமம் கிராமமாக நடக்கும் துறவிகள். 2000-இல் சாலமோன் தீவுகளில் இரண்டு ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டபோது, இந்தச் சகோதரர்கள் இரண்டு பக்கத்துக் காவலரண்களுக்கும் நடுவே போய்த் தங்கினார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துபோய்ப் பேசினார்கள், ஜெபித்தார்கள். 2003-இல் ஒரு சகோதரர் ஆயுதக் குழுத் தலைவன் ஒருவனிடம் சமாதானம் பேசப் போய்த் திரும்பவில்லை. அவரைத் தேடி ஆறு பேர் போனார்கள். ஏழு பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உடல்கள் சபையின் தலைமையகமான தபாலியாவில் அடக்கம் செய்யப்பட்டன. அதே தபாலியாவில் இன்றும் மெலனீசிய இளைஞர்கள் சகோதரர்களாகப் பயிற்சி பெறுகிறார்கள்.